டர்ன்டேபிளுக்குப் பொருத்தமான கருவிகளைத் தேர்ந்தெடுப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இசைத்தட்டு கேட்க என்னென்ன கருவிகள் வேண்டும்?

தட்டைச் சுழற்றும் டர்ன்டேபிள், அதன் டோன் ஆர்ம் என்னும் கையின் நுனியில் ஊசியோடு கூடி, ஊசியின் அசைவை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜ், ஃபோனோ பிரீஆம்ப், ஆம்ப்ளிஃபயர், ஒரு ஜோடி ஸ்பீக்கர். எந்த அமைப்பானாலும் இந்த ஐந்தும் ஏதாவது ஒரு வடிவில் இருந்தே தீரும். இரண்டு மூன்று கருவிகள் ஒரே பெட்டிக்குள் அடங்கியிருப்பதும் உண்டு. அதனால்தான் புதிதாக வாங்குபவருக்குத் தன்னிடம் எது இருக்கிறது, எது இல்லை என்பதே குழப்பமாகிவிடுகிறது.

பொருத்தம் என்றதும் பலரும் ஆம்ப்ளிஃபயரையும் ஸ்பீக்கரையும் பற்றியே கேட்கிறார்கள். அது ரேடியோவுக்கும் சி.டி. பிளேயருக்கும்கூட உள்ள கேள்விதான். டர்ன்டேபிளுக்கே உரிய பொருத்தம் இரண்டு இடங்களில் இருக்கிறது. கார்ட்ரிட்ஜுக்கும் டோன் ஆர்முக்கும் நடுவே ஒன்று, கார்ட்ரிட்ஜுக்கும் பிரீஆம்புக்கும் நடுவே மற்றொன்று. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ஊசி தடத்திலிருந்து எடுக்கத் தவறியதை எவ்வளவு உயர்ந்த ஸ்பீக்கராலும் மீட்டுத் தர முடியாது. ஆகவே இந்தப் பக்கத்தில் அந்த இரண்டு இடங்களுக்கே அதிக இடம் ஒதுக்கியிருக்கிறேன்.

ஃபோனோ பிரீஆம்ப் எதற்கு? நேராக ஆம்ப்ளிஃபயரில் செருகினால் என்ன?

செருகலாம், ஆனால் தூரத்து அறையில் யாரோ தகர டப்பாவுக்குள் பாடுவது போலக் கேட்கும். காரணம் இரண்டு.

முதலாவது, அளவு. சி.டி. பிளேயர் வெளியிடும் மின்னழுத்தம் உச்சத்தில் சுமார் 2 வோல்ட். சாதாரண கார்ட்ரிட்ஜ் தருவதோ 3 முதல் 5 மில்லிவோல்ட். அதாவது, வோல்ட்டில் ஆயிரத்தில் சில பங்கு. இதைக் குறைந்தது நூறு மடங்காவது பெருக்கினால்தான் ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீடு அதை ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்ளும்.

இரண்டாவது காரணம் பலருக்குத் தெரியாதது. இசைத்தட்டில் இருப்பது உள்ளது உள்ளபடியான ஒலி அல்ல. தாழ்ந்த ஒலிகளை அப்படியே வெட்டினால் தடம் இருபுறமும் அகலமாக வளைந்து வளைந்து போகும். ஒரு பக்கத்தில் சில நிமிட இசைக்குத்தான் இடம் இருக்கும். அதனால் வெட்டும்போது தாழ்ந்த ஒலிகளைக் குறைத்துவிடுகிறார்கள். உயர்ந்த ஒலிகளை வேண்டுமென்றே கூட்டுகிறார்கள். இசைக்கும்போது அவற்றைத் திரும்பக் குறைத்தால் தட்டின் மேற்பரப்பு இரைச்சலும் கூடவே குறைந்துவிடும் என்பது கணக்கு. எவ்வளவு குறைப்பது, எவ்வளவு கூட்டுவது என்பதில் ஆரம்பத்தில் நிறுவனத்துக்கு ஒரு வழக்கம் இருந்தது. 1954இல் அமெரிக்க ஒலிப்பதிவுத் தொழில் சங்கம் வகுத்த ஆர்.ஐ.ஏ.ஏ. வளைகோடு பிறகு உலகப் பொதுவானது. பிரீஆம்ப் அந்த வளைகோட்டைத் தலைகீழாக்குகிறது: 1,000 ஹெர்ட்ஸை நடுவாகக் கொண்டால், 20 ஹெர்ட்ஸ் அருகே ஏறத்தாழ 20 டெசிபெல் கூட்டுகிறது, 20,000 ஹெர்ட்ஸ் அருகே ஏறத்தாழ அதே அளவு குறைக்கிறது. இந்த வேலை நடக்காவிட்டால் மேளமும் பாஸ் கிட்டாரும் காணாமல் போய், ஓசையெல்லாம் கீச்சென்று மட்டுமே மிஞ்சும்.

என்னிடம் பிரீஆம்ப் ஏற்கெனவே இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

ஆம்ப்ளிஃபயரின் பின்புறம் பாருங்கள். "ஃபோனோ" என்று எழுதிய உள்ளீடும், பக்கத்தில் எர்த் வயரை மாட்ட ஒரு திருகும் இருந்தால் உள்ளே பிரீஆம்ப் இருக்கிறது. 1970களின் ஆம்ப்ளிஃபயர்களில் பெரும்பாலானவற்றில் இது இருக்கும். 1982இல் சி.டி. வந்து, இசைத்தட்டு ஓரங்கட்டப்பட்ட பிறகு, பல நிறுவனங்கள் இதை விட்டுவிட்டன. "ஆக்ஸ்", "லைன்", "டேப்" என்பவை ஃபோனோ உள்ளீடுகள் அல்ல.

டர்ன்டேபிளின் பின்புறம் "ஃபோனோ", "லைன்" என்று இரண்டு நிலைகளுள்ள சிறு சுவிட்ச் இருந்தால் அதற்குள்ளும் ஒரு பிரீஆம்ப் இருக்கிறது. சுவிட்சை "லைன்" பக்கம் தள்ளினால் ஆம்ப்ளிஃபயரின் சாதாரண உள்ளீட்டில் செருகுங்கள். "ஃபோனோ" பக்கம் தள்ளினால் ஃபோனோ உள்ளீட்டில் அல்லது தனி பிரீஆம்பில் செருகுங்கள்.

இந்த இரண்டு பிரீஆம்பையும் சேர்த்துப் போடுவதுதான் நான் பார்த்த தவறுகளிலேயே அதிகம் நடப்பது. முதல் டர்ன்டேபிளோடு நானே ஒரு மாலை முழுவதும் இப்படித்தான் மல்லுக்கு நின்றேன். தாழ்ந்த ஒலி குமுறும், குரல் கரகரக்கும், வால்யூம் குமிழைத் தொட்டாலே அலறும். கார்ட்ரிட்ஜ் கெட்டுவிட்டது என்றே முடிவு கட்டியிருந்தேன். கெட்டிருந்தது ஒரு சுவிட்சின் நிலை மட்டும்தான்.

டர்ன்டேபிளுக்குள் இருக்கும் பிரீஆம்ப் போதுமா?

ஆரம்பத்துக்குப் போதும். ஆனால் அதை நிறுத்தி வைக்கும் சுவிட்ச் உள்ள மாதிரியாகப் பார்த்து வாங்குங்கள். அந்தச் சுவிட்ச் இல்லாவிட்டால் பிற்பாடு தனி பிரீஆம்ப் வாங்கினாலும் பயன்படுத்த வழி இருக்காது.

எம்.எம்., எம்.சி. என்கிறார்களே, எதை வாங்குவது?

இவை கார்ட்ரிட்ஜின் இரு வகைகள். எம்.எம். (மூவிங் மேக்னட்) என்பது ஊசித்தண்டின் மறுமுனையில் காந்தம் அசைவது. எம்.சி.யில் (மூவிங் காயில்) அசைவது கம்பிச்சுருள். அசையும் சுருளை இலேசாக வைக்க வேண்டும் என்பதற்காகச் சில சுற்றுகளோடு நிறுத்திவிடுவதால் எம்.சி.யின் வெளியீடு மிகவும் சிறியது, பெரும்பாலும் 0.2 முதல் 0.6 மில்லிவோல்ட் வரை. எம்.எம்.முக்கு 40 டெசிபெல், அதாவது நூறு மடங்கு பெருக்கம் போதும் என்றால், இதற்குச் சுமார் 60 டெசிபெல், ஆயிரம் மடங்கு வேண்டும். ஆயிரம் மடங்கு பெருக்கும்போது பிரீஆம்பின் சொந்த இரைச்சலும் அதோடு பெருகும். மலிவான பிரீஆம்பில் நல்ல எம்.சி.யை மாட்டினால் இசைக்குப் பின்னால் மழை பெய்துகொண்டே இருக்கும்.

எம்.சி.க்கான மற்றொரு வழி, ஸ்டெப்-அப் டிரான்ஸ்ஃபார்மர் ஒன்றை எம்.எம். பிரீஆம்புக்கு முன்னால் வைப்பது. இங்கே ஒரு கணக்கு கவனிக்கத்தக்கது. 1:10 டிரான்ஸ்ஃபார்மர் மின்னழுத்தத்தைப் பத்து மடங்காக்கும். ஆனால் பிரீஆம்பின் 47,000 ஓம் உள்ளீடு கார்ட்ரிட்ஜின் கண்ணுக்கு நூறில் ஒரு பங்காக, 470 ஓம்மாகத் தெரியும். மடங்கு கூடக்கூட இந்த எண் வேகமாகச் சரியும். கார்ட்ரிட்ஜ் கேட்கும் சுமைக்குக் கீழே அது போகாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

என் கருத்தைக் கேட்டால், முதல் சில ஆண்டுகளுக்கு எம்.எம். போதும். ஊசி தேய்ந்தால் ஊசியை மட்டும் கழற்றி மாற்றிவிடலாம். எம்.சி.யில் பெரும்பாலும் அது முடியாது. ஆடியோ-டெக்னிகாவின் வி.எம்.95 வரிசையில் உடல் ஒன்றுதான். எளிய கூம்பு ஊசி முதல் நுணுக்கமான ஷிபாடா வடிவ ஊசி வரை விரும்பியதை அதிலேயே செருகிக்கொள்ளலாம். கொஞ்சம் கொஞ்சமாக மேலே போக விரும்புகிறவருக்கு இதுபோன்ற ஏற்பாடு வசதியானது.

எந்த கார்ட்ரிட்ஜையும் எந்த டோன் ஆர்மிலும் மாட்ட முடியாதா?

திருகு துளைகள் பொருந்தும். ஆட்டம் பொருந்துமா என்பதுதான் கேள்வி.

கார்ட்ரிட்ஜின் ஊசித்தண்டு ஒரு சிறு ரப்பர் வளையத்தில் தாங்கப்பட்டிருக்கிறது. அது ஒரு சுருள்வில் போல வேலை செய்கிறது. அந்த வில்லின் மேல் தொங்குகிற பாரம் டோன் ஆர்ம். வில்லும் பாரமும் சேர்ந்தால் அவற்றுக்கென ஓர் இயல்பான அதிர்வெண் வந்துவிடும். ஊஞ்சலை அதன் தாளத்திலேயே தள்ளினால் வீச்சு பெருகிக்கொண்டே போவதைப் போல, அந்த அதிர்வெண்ணில் ஏதாவது வந்து தட்டினால் ஆர்ம் குதியாட்டம் போடும். வளைந்த தட்டுகள் தரும் தொந்தரவு பெரும்பாலும் 6 ஹெர்ட்ஸுக்குக் கீழே. இசை தொடங்குவது ஏறக்குறைய 20 ஹெர்ட்ஸில். எனவே ஆர்மின் அதிர்வெண் இரண்டுக்கும் நடுவே, 8 முதல் 12 ஹெர்ட்ஸுக்குள், விழுந்தால் நிம்மதி.

கணக்கு எளிது. ஆர்மின் செயல் எடை, கார்ட்ரிட்ஜின் எடை, திருகுகளின் எடை மூன்றையும் கிராமில் கூட்டுங்கள். அதைக் கார்ட்ரிட்ஜின் கம்ப்ளையன்ஸ், அதாவது நெகிழ்வு எண்ணால் பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து, 159ஐ அதனால் வகுங்கள். 12 கிராம் ஆர்ம், 7 கிராம் கார்ட்ரிட்ஜ், 1 கிராம் திருகு: மொத்தம் 20. நெகிழ்வு 20 என்றால் பெருக்கல் 400, வர்க்கமூலம் 20, விடை ஏறத்தாழ 8 ஹெர்ட்ஸ். எல்லையில் நிற்கிறது, ஆனால் தேறிவிட்டது.

இப்போது 20 கிராம் கனமான ஆர்மில் நெகிழ்வு 30 உள்ள மென்மையான கார்ட்ரிட்ஜை மாட்டிப் பாருங்கள். விடை ஐந்தரைக்கு வந்துவிடும். குருவி தலையில் பனங்காயை வைத்த கதைதான்: வளைந்த தட்டு ஒவ்வொரு சுற்றிலும் ஆர்மை உலுக்கும். தலைகீழாக, 6 கிராம் இலேசான ஆர்மில் 8 கிராம் எடையும் நெகிழ்வு 8ம் உள்ள விறைப்பான கார்ட்ரிட்ஜை மாட்டினால் 14 ஹெர்ட்ஸைத் தாண்டிவிடும். அது தாழ்ந்த ஒலிகளின் வாசலைத் தட்டும் இடம்.

இரண்டு எச்சரிக்கைகள். "செயல் எடை" என்பது ஆர்மைக் கழற்றித் தராசில் வைத்தால் வரும் எடை அல்ல; சுழல்மையத்திலிருந்து பார்க்கும்போது ஊசி உணரும் எடை. அதை ஆர்மின் விவரக்குறிப்பில்தான் தேட வேண்டும். இன்னொன்று, ஜப்பானிய நிறுவனங்கள் பலவும் நெகிழ்வை 100 ஹெர்ட்ஸில் அளந்து சொல்கின்றன. நம் கணக்குக்கு வேண்டியது 10 ஹெர்ட்ஸ் எண். 100 ஹெர்ட்ஸ் எண்ணை ஒன்றரை முதல் இரண்டு மடங்காக்கினால் ஓரளவு சரியாக வரும். ஜப்பானிய ஒலிபரப்பு நிறுவனமான என்.எச்.கே.வுக்காக 1960களில் டெனான் உருவாக்கிய டி.எல்-103 கார்ட்ரிட்ஜின் நெகிழ்வு 5 என்று போட்டிருப்பதைப் பார்த்துப் பலர் மிரண்டுபோவது இதனால்தான். அது விறைப்பானது என்பது உண்மை. இலேசான ஆர்மில் அதை மாட்டக் கூடாது என்பதும் உண்மை. ஆனால் நடுத்தர எடை ஆர்மில் அந்த எண் மிரட்டும் அளவுக்கு நிலைமை மோசமில்லை.

கெபாசிட்டன்ஸ் பற்றிக் கவலைப்பட வேண்டுமா?

கெபாசிட்டன்ஸ் என்பது கேபிளும் பிரீஆம்பும் மின்னைத் தேக்கிவைக்கும் தன்மை. எம்.எம். என்றால் கொஞ்சம் கவலைப்படலாம். எம்.சி. என்றால் வேண்டாம்.

எம்.எம்.மின் சுருளில் சுற்றுகள் ஏராளம். அந்தச் சுருளும், கேபிளும் பிரீஆம்பும் சேர்ந்து தரும் கெபாசிட்டன்ஸும் கைகோத்து உயர்ந்த ஒலிப்பகுதியில் ஒரு மேட்டை எழுப்பும். 700 மில்லிஹென்றி சுருளோடு 250 பிக்கோஃபாரட் சேர்ந்தால் அந்த மேடு 12,000 ஹெர்ட்ஸ் அருகே வரும். பிக்கோஃபாரட் 500 ஆகிவிட்டால் 8,500 அருகே இறங்கிவிடும், அதற்கு மேலே உள்ளவை மங்கும். பாடகரின் "ஸ" ஒலி காதில் குத்துகிறது, ஆனால் சலங்கையின் மினுமினுப்பு மட்டும் இல்லை என்றால் இதைச் சந்தேகியுங்கள்.

கார்ட்ரிட்ஜின் விவரக்குறிப்பில் 100 முதல் 200 என்றோ, 150 முதல் 300 என்றோ ஓர் எல்லை போட்டிருக்கும். ஆர்ம் வயரிங்கும் வெளிக்கேபிளும் சேர்ந்தே 100ஐத் தாண்டுவது சாதாரணம். மிச்சம் இருக்கும் இடத்துக்குள் பிரீஆம்பின் உள்ளீட்டு எண் அடங்க வேண்டும். ஆகவே டர்ன்டேபிளிலிருந்து பிரீஆம்ப் வரையிலான கேபிளைக் குட்டையாக வையுங்கள். நீளம் தேவைப்பட்டால் பிரீஆம்புக்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம்.

விலையுயர்ந்த கேபிள் வாங்கினால் வித்தியாசம் தெரியுமா?

மேலே சொன்ன கெபாசிட்டன்ஸும் நல்ல கவசமும் சரியாக இருந்தால், மற்றதெல்லாம் பிளக்கின் பளபளப்பு.

ஊசி முனையின் வடிவம் முக்கியமா?

தட்டின் உள்பக்கப் பாடல்களைக் கேட்கும்போது தெரியும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று என்பது மாறாது. ஆனால் வெளி ஓரத்தில் ஊசிக்கு அடியில் நொடிக்கு அரை மீட்டர் தடம் ஓடுகிறது என்றால், உள் ஓரத்தில் 20 சென்டிமீட்டர் அளவுதான். அதே ஒலி பாதிக்கும் குறைவான நீளத்தில் நெருக்கியடித்து எழுதப்பட்டிருக்கிறது. உருண்டையான கூம்பு முனை அந்த நெருக்கத்துக்குள் நுழைய முடியாமல் மேலோட்டமாகப் போகும்; கடைசிப் பாட்டில் குரல் பிசிறடிக்கும். நீள்வட்ட முனை இதைக் கணிசமாகக் குறைக்கும். மைக்ரோ லைன், ஷிபாடா போன்றவை இன்னும் நுணுக்கமாகப் படிக்கும். ஆனால் அவற்றைக் கோணம் பிசகாமல் பொருத்த வேண்டும். அளவுகோல் அட்டையை வைத்துப் பொருத்தப் பொறுமை இல்லாதவர் நீள்வட்டத்தோடு நிற்பது நல்லது.

பழைய 78 தட்டுகளையும் இதே ஊசியால் கேட்கலாமா?

கூடாது. அவற்றின் தடம் மூன்று மடங்கு அகலம். லாங் பிளே ஊசி அடியில் விழுந்து குப்பையைத்தான் உழும். அதற்கென உள்ள தடித்த ஊசி வேண்டும். டர்ன்டேபிளும் 78 வேகத்தில் சுழல வேண்டும். பலவற்றில் அந்த வேகம் கிடையாது. மேலும் அவற்றில் பெரும்பாலானவை ஆர்.ஐ.ஏ.ஏ.வுக்கு முற்பட்டவை என்பதால் ஆம்ப்ளிஃபயரின் பாஸ், டிரெபிள் குமிழ்களைக் காதுக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ள வேண்டியிருக்கும்.

பெல்ட் டிரைவா, டைரக்ட் டிரைவா?

மோட்டார் பெல்ட் வழியாகத் தட்டைச் சுழற்றுவது முதல் வகை, நேராகச் சுழற்றுவது இரண்டாவது. இரண்டிலும் நல்லதும் உண்டு, மோசமானதும் உண்டு. டைரக்ட் டிரைவுக்கு 1972இல் வந்த டெக்னிக்ஸ் எஸ்.எல்-1200 போதுமான சான்று. பெல்ட்டை அவ்வப்போது மாற்ற வேண்டும். மற்ற கருவிகளோடு பொருந்துவதில் இந்த வகை வித்தியாசத்துக்குப் பங்கு இல்லை.

என் ஸ்பீக்கருக்கு எத்தனை வாட் ஆம்ப்ளிஃபயர் வேண்டும்?

வாட்டைப் பார்ப்பதற்கு முன் ஸ்பீக்கரின் உணர்திறனை, அதாவது குறிப்பிட்ட மின்சக்திக்கு அது எழுப்பும் சத்தத்தின் அளவைப் பாருங்கள். அது டெசிபெலில் இருக்கும். 3 டெசிபெல் குறைந்தால் அதே சத்தத்துக்கு இரண்டு மடங்கு வாட் தேவை. 90 டெசிபெல் ஸ்பீக்கர் 10 வாட்டில் எழுப்பும் ஒலியை 84 டெசிபெல் ஸ்பீக்கர் எழுப்ப 40 வாட் வேண்டும். ஆகவே நடுத்தர அறையில் உணர்திறன் கூடிய ஸ்பீக்கரோடு 20 வாட் ஆம்ப்ளிஃபயரே தாராளமாகக் கேட்கும். ஓம் அளவையும் பார்த்துக்கொள்ளுங்கள்: 4 ஓம் ஸ்பீக்கரை, 8 ஓம்முக்கு மட்டுமே என்று எழுதியுள்ள ஆம்ப்ளிஃபயரில் மாட்டினால் அது சூடேறித் திணறும்.

பவர்டு ஸ்பீக்கர் வைத்துக்கொள்ளலாமா? ப்ளூடூத்?

பவர்டு ஸ்பீக்கர் என்பது ஆம்ப்ளிஃபயர் உள்ளேயே இருக்கும் ஸ்பீக்கர். இடம் மிச்சம், கம்பி மிச்சம். சிறிய அறைக்கு நான் தயங்காமல் சொல்வது இதைத்தான். பிரீஆம்ப் மட்டும் எங்காவது இருக்க வேண்டும். ப்ளூடூத்தில் ஒலி சுருக்கப்பட்டுத்தான் போகும். வசதிக்காகக் கேட்பதில் தவறில்லை, ஆனால் அப்படிக் கேட்பவர் எம்.சி. கார்ட்ரிட்ஜில் பணத்தைப் போட வேண்டியதில்லை.

பாட்டு இல்லாத இடத்திலும் ஊஃபர் கூம்பு முன்னும் பின்னும் துடிக்கிறதே?

அது காதுக்கு எட்டாத மிகத் தாழ்ந்த அதிர்வு. தட்டின் வளைவிலிருந்தோ, முன்பு சொன்ன ஆர்ம் அதிர்விலிருந்தோ வருகிறது. பெட்டியில் துளையுள்ள ஸ்பீக்கர்களில் இது அதிகம் தெரியும். துளையின் அதிர்வெண்ணுக்குக் கீழே கூம்பைத் தடுக்கக் காற்றழுத்தம் இருக்காது. ஆம்ப்ளிஃபயரின் சக்தி வீணாகிறது, குரலும் நடுங்கும். பிரீஆம்பில் இத்தகைய மிகத் தாழ்ந்த அதிர்வுகளை வடிகட்டும் சப்சானிக் ஃபில்டர் இருந்தால் போடுங்கள். எல்லாத் தட்டிலும் இப்படி ஆனால் 159 கணக்கை ஒருமுறை போட்டுப் பாருங்கள்.

விடாமல் "ம்ம்ம்" என்று ஒரு முனகல் கேட்கிறது. எங்கிருந்து?

முதலில் எர்த் வயர். டர்ன்டேபிளிலிருந்து வரும் அந்த மெல்லிய தனி வயரைப் பிரீஆம்பின் திருகில் இறுக்குங்கள். சில டர்ன்டேபிள்களில் அது தனியாக வராது. கேபிளின் கவசத்தோடு உள்ளேயே இணைத்திருப்பார்கள்.

அதன் பிறகும் முனகல் நிற்கவில்லை என்றால், ஊசியைத் தட்டில் படவிடாமல் ஆர்மைக் கையால் பிடித்து மெல்ல உள்பக்கம் நகர்த்துங்கள். இடத்துக்கு இடம் முனகல் கூடிக் குறைந்தால் கார்ட்ரிட்ஜ் அருகில் ஏதோ டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது. பெரும்பாலும் அது டர்ன்டேபிளுக்கு ஒட்டினாற்போல் வைத்த ஆம்ப்ளிஃபயராகத்தான் இருக்கும். ஒரு முழம் தள்ளி வைத்தாலே பாதி அடங்கிவிடும்.

டர்ன்டேபிளையும் ஸ்பீக்கரையும் ஒரே மேசையில் வைக்கலாமா?

வேண்டாம். ஸ்பீக்கரின் அதிர்வு மேசை வழியாக ஊசிக்கு ஏறி, மறுபடி ஸ்பீக்கருக்கே போய் வட்டமிடும். சோதிப்பது சுலபம்: மோட்டாரை நிறுத்தி, அசையாத தட்டின் மேல் ஊசியை இறக்கி, வால்யூமைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். நீங்கள் வழக்கமாகக் கேட்கும் அளவுக்கு முன்பே உறுமல் கிளம்பினால் இடத்தை மாற்றியே ஆக வேண்டும்.

எல்லாம் வாங்கியாயிற்று. அடுத்துப் பணம் சேர்ந்தால் எதை மாற்றுவது?

முதலில் எதையும் வாங்காமல், ஊசி அழுத்தத்தை அளக்கும் சிறு தராசு ஒன்றை எங்கிருந்தாவது இரவல் வாங்குங்கள். எம்.எம். கார்ட்ரிட்ஜ்கள் பெரும்பாலும் ஒன்றரை முதல் இரண்டு கிராம் வரை கேட்கும். கார்ட்ரிட்ஜின் குறிப்பில் உள்ள எண்ணும் தராசு காட்டும் எண்ணும் ஒத்துப்போகாத வீடுகள் ஏராளம். அழுத்தம் குறைந்தால் ஊசி தடத்தின் சுவரில் மோதி மோதித் துள்ளும். "கொஞ்சம் இலேசாக வைத்தால் தட்டு தேயாது" என்று நினைத்துக் குறைப்பவர்கள்தான் தட்டை அதிகம் சேதப்படுத்துகிறார்கள்.

அதைச் சரிசெய்த பிறகு, ஊசி எத்தனை மணி நேரம் ஓடியிருக்கிறது என்று கணக்குப் பாருங்கள். வடிவத்தைப் பொறுத்து 500 முதல் 1,000 மணி நேரம் என்பது பொதுவான ஆயுள். அதைத் தாண்டியிருந்தால் புதிய ஊசி, முடிந்தால் ஒரு படி மேலான முனை. அதன் பிறகு பிரீஆம்ப். ஸ்பீக்கர் உங்களுக்குப் பிடிக்கவே இல்லை என்றால் மட்டும் இந்த வரிசையைக் கலைத்து அதை முதலில் மாற்றுங்கள். பிடிக்காத ஸ்பீக்கரில் நல்ல ஊசியின் அருமை தெரியாது.